அந்தக் கொரியப் படம் நகைச்சுவை அல்ல

"யார் சிரிச்சது?"

குமாஸ்தா தலையைத் தூக்காமல்தான் கேட்டார். தியேட்டர்காரன் இடைவேளை சட்டென்று திரும்பிப் பார்த்தான். பின்னால் நீண்ட வராந்தா. ஒரு நாற்காலி, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு நாற்காலி. வேறு ஆளே இல்லை.

"இங்க யாரும் சிரிக்கலயே சார்."

"இங்க யாரு சிரிக்கப் போறா? படத்தைப் பாத்து சிரிச்சது யாருன்னு கேக்கறேன். நகைச்சுவைன்னு டிக் அடிச்சிருக்கீங்க. ஒருத்தராவது சிரிச்சிருந்தாத்தான் அடிக்கணும். பேரு, வயசு, உறவு, சிரிச்ச தேதி. பத்தாம் கட்டம்."

பத்தாம் கட்டம் காலியாக இருந்தது. இடைவேளை பேனாவை வாங்கி நிதானமாக எழுதினான். சிரித்தவர்: என் மனைவி.

குமாஸ்தா படித்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருட சர்வீசில் அந்தக் கட்டத்தில் இப்படி எழுதியவன் இவன்தான் முதல் ஆள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

திரைப்பட வகைப்பாட்டு ஆணையம் நான்காம் மாடியில் இருந்தது. லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும். ஒரு படம் நகைச்சுவையா, துயரமா, சண்டையா, பயங்கரமா என்று பார்த்து முத்திரை குத்துவது ஆணையத்தின் வேலை. 'இதர' என்று ஐந்தாவதாக ஒரு முத்திரையும் முன்பு இருந்தது. எல்லாப் படமும் அதிலேயே போய் விழுந்ததால் எடுத்துவிட்டார்கள்.

மற்ற தியேட்டர்காரர்களுக்கு எந்த முத்திரை விழுந்தாலும் ஒன்றுதான். இடைவேளைக்கு அப்படி இல்லை.

இடைவேளை அவனுடைய நிஜப் பெயர் இல்லை. நிஜப் பெயர் விண்ணப்பங்களில் மட்டும் வரும். இளவட்டமாக இருந்தபோது அந்தத் தியேட்டரில் சோடா விற்றான். விளக்கு எரிந்ததும் தட்டோடு உள்ளே நுழைவான், விளக்கு அணைந்ததும் வெளியேறிவிடுவான். முதலாளி வைத்த பெயர் அது. பிற்பாடு முதலாளியின் மகளையே அவன் கட்டிக்கொண்ட பிறகும் மாமனார் பெயரை மாற்றவில்லை. போன வருடம் மாமனார் போய்ச் சேர்ந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளும் அந்தப் பெயரும் மாப்பிள்ளைக்கு மிஞ்சின.

தியேட்டருக்குப் பக்கத்தில் மருத்துவமனை. தியேட்டர் முதலில் வந்தது, மருத்துவமனை பின்னால் வந்தது. ஆனால் சட்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்தது. மருத்துவமனைச் சுவரிலிருந்து இருநூறு அடிக்குள் இருக்கும் திரையரங்கில் நகைச்சுவைப் படம் மட்டுமே காட்டலாம். நோயாளிகள் மனம் கலங்கிவிடக் கூடாது. அளந்து பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு அடி.

கடைசியாக நகைச்சுவை முத்திரை பெற்ற படத்தை இடைவேளை பதினான்கு மாதம் ஓட்டினான். கடைசிக் காட்சிக்கு நான்கு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர், சொந்தக்காரருக்கு ஆபரேஷன் முடிகிறவரை உட்கார இடம் தேடி வந்தவர்கள். அதோடு தியேட்டரைப் பூட்டினான். அறுபது நாள் தொடர்ந்து காட்சி இல்லையென்றால் உரிமம் போய்விடும். உரிமம் போனால் இடம் மருத்துவமனையின் வாகன நிறுத்தத்துக்கு. மருத்துவமனை வாட்ச்மேன் காலை நேரங்களில் வந்து, எத்தனை கார் நிற்கும் என்று காலடியால் அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவன் விண்ணப்பம் கொடுத்தது பூட்டிய பதினேழாம் நாள்.

அந்தக் கொரியப் படத்தை விநியோகஸ்தர்தான் அனுப்பியிருந்தார். கதை இவ்வளவுதான். ஒரு கப்பல் கம்பெனி ஊழியன். கடலில் இறந்துபோன ஒரு மாலுமியின் அம்மாவிடம் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். போகிறான். அந்த அம்மா, மகனின் சிநேகிதன் என்று நினைத்து உட்காரவைத்து சூப் ஊற்றுகிறாள். சொல்ல வாயைத் திறக்கிறான். திறந்த வாயில் ஒரு கரண்டி. மறுநாளும் போகிறான். மறுநாளும் கரண்டி. இப்படியே மூன்று வருடம். வீட்டுக் கூரையை மாற்றிக் கொடுக்கிறான், அவளுடைய மகளையே கல்யாணமும் செய்துகொள்கிறான், இன்னும் விஷயத்தைச் சொன்னபாடில்லை.

அன்று இடைவேளை உள்ளே பின்வரிசை இருக்கைகளுக்கு ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தான். மனைவி டிக்கெட் அறையில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஒரு சத்தம். அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று ஸ்பேனரோடு ஓடினான். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தாரையாக ஊற்றியது. பேச முடியாமல் திரையைக் காட்டினாள். திரையில் நான்காவது கரண்டி.

அப்பா போனதற்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தான். நகைச்சுவை என்று டிக் அடிக்க அவனுக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஆணையத்துக்குத் தேவைப்பட்டது.

இருபத்தாறாம் நாள் ஆணையத்தின் சிறிய அரங்கில் படத்தைப் போட்டார்கள். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று பெரிய பலகை. முதல் வரிசையில் ஐந்து இருக்கைகள். தலைவருடையதற்குத் தலைக்குமேல் வரை சாய்மானம். அடுத்தடுத்த உறுப்பினர்களுக்கு அது குறைந்துகொண்டே வந்து, ஐந்தாம் உறுப்பினர் ஸ்டூலில் இருந்தார். சிரிப்பதற்கும் அதே வரிசைதான். தலைவர் சிரிக்காமல் இரண்டாமவர் சிரிக்கக் கூடாது, இரண்டாமவர் சிரிக்காமல் மூன்றாமவர். தலைவரோ முழுக் கதையையும் முன்கூட்டியே கோப்பில் படித்துவிட்டுத்தான் படம் பார்க்க உட்காருவார். எதிர்பாராமல் சிரித்துவிட்டால் அது ஆராய்ந்து எடுத்த முடிவாகாது என்பது அவர் கொள்கை.

சிரிப்புப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. யாராவது சிரித்தால் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, சிரித்தவர், நேரம், காரணம் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். முப்பத்திரண்டாம் நிமிடம் இரண்டாம் உறுப்பினரின் தோள் குலுங்கியது. விளக்கு எரிந்தது. தலைவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் உறுப்பினர் அது இருமல் என்றார். இருமல் என்றே பதிவானது. மறுநாள் மருத்துவச் சான்றிதழும் கொண்டுவந்து இணைத்தார்.

நிஜமாகச் சிரித்தது டீ கொண்டுவந்த அம்மாள் மட்டும்தான். வாசலில் தட்டோடு நின்று பார்த்தவர், கரண்டி வந்ததும் கோப்பைகள் கிணுகிணுக்கச் சிரித்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள். தேநீர் தொடர்பான சிரிப்பு, ஒன்று. மறுநாள் முதல் அவர் அடித்தளத்தில் பழைய கோப்புகளுக்குத் தூசி தட்டினார்.

முடிவு ஒரே பக்கத்தில் வந்தது. சிரிப்பு: இல்லை. இருமல்: ஒன்று. தேநீர்: ஒன்று. கண்ணீர்: இரண்டு, அதில் ஒன்று ஐந்தாம் உறுப்பினரின் கண் சொட்டு மருந்து. ஆகவே துயரம்.

முப்பத்தோராம் நாள் இடைவேளை மேல்முறையீடு போட்டான். ஆணையம் படம் எடுத்த கம்பெனிக்கே எழுதிக் கேட்டது. உங்கள் ஊரில் இதைப் பார்த்துச் சிரித்தார்களா, அழுதார்களா? பதில் மரியாதையாக வந்தது. இரண்டும் செய்தார்கள், எதை முதலில் செய்தார்கள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. பொறுப்பில்லாத பதில் என்று கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து ஒரு நிபுணரிடம் போனது. பேராசிரியர். படத்தைப் பார்த்தால் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவோம் என்று பார்க்காமலே அறிக்கை எழுதினார். கல்யாணத்தில் முடிந்தால்தான் நகைச்சுவை. இந்தப் படத்தில் கல்யாணம் அறுபத்து நாலாம் நிமிடம் வருகிறது. ஆக அறுபத்து நாலு நிமிடம் நகைச்சுவை, மிச்சம் நாற்பத்தேழு நிமிடம் உபரி. முதல் பாதியை இந்தத் தியேட்டரிலும், உபரியை இருநூறு அடிக்கு அப்பால் வேறு எங்காவதும் காட்டிக்கொள்ளலாம்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். இடைவேளைக்கு அது உயிர்பிழைக்கும் வழியாகத் தெரிந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். இருநூற்றைந்தாவது அடியில் ஒரு பழைய மரக்கிடங்கு இருந்தது. பாதிப் படம் முடிந்ததும் முந்நூறு பேரையும் ரோட்டைத் தாண்டி நடத்திக்கொண்டு போக எத்தனை நிமிடம் ஆகும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வந்து டேப்பின் மறுமுனையைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, அந்த அம்மாவுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும்ங்கறது ரெண்டாவது பாதியிலதானே வருது?"

"ஆமா."

"கம்பெனி சட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவன் சொல்லிட்டா அப்புறம் வரமாட்டான்னுதானே வாயில கரண்டியத் திணிச்சா. அது இல்லாம எதுக்கு அந்தப் படம்?"

அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டான்.

நாற்பத்தாறாம் நாள் மக்கள் சிரிப்புச் சோதனை. மக்கள் என்றால் குடிநீர் மீட்டர் பிரிவில் வேலை பார்க்கும் நாற்பது பேர். சிரிப்பவர்களின் பெயர் பணிப் பதிவேட்டில் ஏற்றப்படும் என்று முந்தைய நாளே சுற்றறிக்கை போயிருந்தது. நூற்றுப் பதினோரு நிமிடமும் நாற்பது பேரும் மீட்டர் பார்ப்பதுபோலவே திரையைப் பார்த்தார்கள். ஒருமுறை இருட்டில் யாரோ களுக்கென்றார்கள். உடனே விளக்கைப் போட்டார்கள். நாற்பது பேரும் பக்கத்தில் இருந்தவரைக் கை காட்டினார்கள்.

ஐம்பத்தொன்பதாம் நாள் இறுதி விசாரணை.

மனைவியை உள்ளே விடவில்லை. சிரித்தவர் என்ற முறையில் அவள் சம்பந்தப்பட்ட ஆள். லிஃப்ட் நிற்கும் மூன்றாம் மாடியில் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இடைவேளை மட்டும் படியேறினான். விசாரணை அறையில் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகத்துக்காக என்றார் குமாஸ்தா.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நகைச்சுவைங்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. தண்ணி மாதிரி, கரண்ட் மாதிரி. அப்படியே தூக்கி ஜனங்க கையில குடுத்துட முடியாது. எங்க சிரிக்கணும், எவ்வளவு சிரிக்கணும்னு அவங்களுக்கு யாராவது சொல்லித் தரணும். நாங்க இருக்கோம். பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு படத்தைக்கூட அவசரப்பட்டு நகைச்சுவைன்னு சொன்னதில்ல. இப்ப இருக்கற நகைச்சுவைப் படமெல்லாம் எனக்கு முந்தி இருந்தவர் சொன்னதுதான், அவர் கொஞ்சம் லேசான ஆளு. எனக்கு நகைச்சுவை உணர்வே கிடையாதுன்னு வெளியில பேசிக்கறாங்க. நாலு வருஷம் முந்தி அதை விசாரிக்க நானே ஒரு குழு போட்டேன். இருக்குன்னு அறிக்கை குடுத்துட்டாங்க. குழுவுக்குத் தலைவர் யாருன்னா, நான்தான்."

மற்ற நால்வரும் வரிசைப்படி தலையாட்டினார்கள்.

அப்புறம் இடைவேளையைப் பேசச் சொன்னார்கள். இரவெல்லாம் மனப்பாடம் செய்து வந்த எதுவும் வாயில் வரவில்லை. என் மனைவி சிரித்தாள் என்பதையே மூன்று விதமாகச் சொன்னான். சிரித்தபோது அவள் உங்கள் மனைவியாகத்தான் இருந்தாளா என்று மூன்றாம் உறுப்பினர் கேட்டார். இருந்தாள் என்றான். சிரிப்பதற்கு அவளுக்கு வேறு ஏதாவது காரணம் இருந்ததா என்று நான்காமவர் கேட்டார். இடைவேளை யோசித்துப் பார்த்து, வேறு எதுவும் இல்லை என்றான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்து, இல்லவே இல்லை சார் என்றான். அப்போதே இரண்டாம் உறுப்பினருக்கு இருமல் வந்துவிட்டது.

தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினாறு சார்."

"இந்தப் பதினாறு வருஷத்துல, உங்களால அவங்க எத்தனை தடவை சிரிச்சிருப்பாங்க?"

அது எதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி என்று இடைவேளைக்குத் தெரியவில்லை. பதில் சரியாக இருந்தால் படம் பிழைத்துவிடும் என்று நினைத்தான். கையைத் தூக்கி விரல் மடக்கினான்.

"ஒண்ணு, கல்யாணத்தைப் பதிவு பண்ற எடத்துல பேரு எழுதச் சொன்னப்ப மறந்துபோய் இடைவேளைன்னு எழுதிட்டேன். அதுக்குச் சிரிச்சா. ரெண்டு, சோடாத் தட்டோட பால்கனிப் படியில உருண்டேன். இல்ல சார், அது கல்யாணத்துக்கு முந்தி."

"அப்ப அதை எடுத்துடு," என்றார் தலைவர் குமாஸ்தாவிடம்.

"எடுத்துடுங்க சார். மூணு..."

மூன்றாம் விரல் பாதி மடங்கி நின்றது. இடைவேளை அதையே பார்த்தான். விரலும் அவனைப் பார்த்தது. பதினாறு வருடத்தை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு போனான், ஸ்பிரிங் மாற்றியது, சுவருக்கு வெள்ளையடித்தது, மாமனாரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, நூற்றுத் தொண்ணூற்றாறு அடி. எங்கேயும் மூன்றாவது கிடைக்கவில்லை. கேமரா ஓடுகிற சத்தம் கேட்டது.

"மூணு இருக்கும் சார். எங்கயோ இருக்கும்," என்றான்.

தலைவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நெடுநாள் திறக்காத கதவைத் திறப்பதுபோல. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேஜையைத் தட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாமவர் அதற்காகவே காத்திருந்தவர்போல வெடித்தார். மூன்றாமவர், நான்காமவர். ஐந்தாமவர் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டே போனார். இடைவேளை விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். அதை நீட்டுவதா மடக்குவதா என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் ஆணை தயாராகிவிட்டது. இவ்வளவு வேகத்தில் அந்த அலுவலகத்தில் எதுவும் நடந்ததில்லை. ஒன்று, கொரியப் படம் நகைச்சுவை அல்ல. இரண்டு, விசாரணையின்போது தலைவர் உட்பட உறுப்பினர்கள் அனைவரும் முறையான வரிசையில் நாற்பத்தொரு முறை சிரித்தது பதிவாகியிருப்பதால், விசாரணையின் ஒளிப்பதிவு நகைச்சுவை என்று வகைப்படுத்தப்படுகிறது. மூன்று, மருத்துவமனைக்கு அருகில் காட்டத் தகுந்தது என்பதால் விண்ணப்பதாரர் நாளை முதல் அதைத் தம் தியேட்டரில் திரையிட்டு உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வேறு நகைச்சுவைப் படம் வரும்வரை எடுக்கக் கூடாது.

இடைவேளை இரண்டுமுறை படித்தான்.

"சார், இதுல இருக்கறது நானு."

"அதான்யா அழகு," என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நடிக்கறாப்பலயே தெரியல."

மூன்றாம் மாடியில் மனைவி எழுந்து நின்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சுங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்க போல. படத்தை மறுபடி போட்டுப் பாத்தாங்களா? பாஸா?"

இடைவேளை வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தபோது லிஃப்ட் வந்துவிட்டது. கீழே இறங்கியதும் திறந்தான், பஸ் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் திறந்தான், அவள் தட்டை வைத்துச் சாப்பிடச் சொன்னாள். நாளைக்குக் காட்சி இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஆணை அதன் பையில் இருந்தது.

அறுபதாம் நாள் மதியக் காட்சிக்கு இருக்கை எல்லாம் நிறைந்துவிட்டது. ஆணையமே சுவரொட்டி அடித்து ஒட்டியிருந்தது. பாதி மடங்கிய விரலோடு இடைவேளை, கீழே 'பதினோரு ஆண்டுகளில் முதல் நகைச்சுவை'. ஆபரேஷன் முடிய வேண்டிக் காத்திருந்தவர்கள் வந்தார்கள், டாக்டர்கள் வந்தார்கள், நர்சுகள் வந்தார்கள். வாட்ச்மேன் முன்வரிசையில் உட்கார்ந்து, திரையில் இடைவேளை வரும்போதெல்லாம் பக்கத்து ஆளிடம் எனக்குத் தெரிஞ்சவர்தான் என்று சொன்னார். தலைவரும் உறுப்பினர்களும் சிறப்பு விருந்தினர்கள். அடித்தளத்திலிருந்து அந்த டீ அம்மாளும் வந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்காமல், கரண்டி எப்ப வரும் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிக்கெட் அறையைச் சாத்திவிட்டு மனைவி வந்து, கடைசி வரிசையில் ஸ்பிரிங் மாற்றாத இருக்கையில் இடைவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பித்தான்.

"சட்டையத் துவைக்க எடுத்தேன். நேத்தே படிச்சுட்டேன்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் தலைவர் முன்னால் சாய்ந்தார். கேள்வியைக் கேட்டார். இருபதடி உயரத்துக்கு இடைவேளை கையைத் தூக்கினான். ஒன்று. இரண்டு. அரங்கம் குலுங்க ஆரம்பித்தது. மூன்றாம் விரல் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, பாதியில் வளைந்து, தவித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க முடியாமல் இடைவேளை தன் முழங்காலைப் பார்த்தான்.

மனைவி அவன் பக்கம் சாய்ந்தாள்.

"மூணாவது இருக்குங்க."

அவன் நிமிர்ந்தான்.

"எது?"

அவள் சொன்னாள். நீளமாகத்தான் சொன்னாள். நடுவில் ஒருமுறை லேசாகச் சிரித்ததுபோலவும் இருந்தது. திரையில் தலைவர் சிரித்தார், முதல் வரிசையில் தலைவர் சிரித்தார், அவருக்குப் பின்னால் அரங்கமே சிரித்தது. அந்தச் சத்தத்தில் அவள் உதடு அசைவது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தான். நாற்பத்தொரு சிரிப்பும் முடிய நேரம் பிடித்தது. மறுபடி கேட்கத் திரும்பியபோது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இடைவேளைக்கு மணி அடிக்க அவள் எழுந்து போயிருந்தாள்.